ஜின்செங் என்ற பெயருக்கு நிலத்தைக் கொடுக்காதீர்கள்

சென்ற மாதம் ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் போன் செய்தார். "சார், ஜின்செங் போடலாம்னு இருக்கேன். அரை ஏக்கருக்கு நாற்று சொல்லிட்டேன், முன்பணமும் குடுத்தாச்சு. எதுக்கும் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு..." என்று இழுத்தார். முன்பணம் கொடுத்த பிறகு கேட்பதை யோசனை கேட்பது என்று சொல்ல முடியாது. ஆனால் நம்மில் பலரும் அப்படித்தான் கேட்கிறோம்.

அவருக்கு வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தை எனக்கும் அனுப்பினார். கொரியன் ஜின்செங். நாற்று ஒன்று 40 ரூபாய். ஆறே மாதத்தில் அறுவடை. வேர் முழுவதையும் அவர்களே திரும்ப வாங்கிக்கொள்வார்கள். கூடவே கை கால் முளைத்த மாதிரி ஒரு வேரின் படம். மாதிரிக்கு என்று கொடுத்த இருநூறு நாற்றுகளை இவர் ஏற்கெனவே கிணற்று மேட்டில் நட்டிருந்தார். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பசலை போலத் தடித்த வழவழப்பான இலை, மெல்லிய காம்பில் பொடிப் பொடியாக இளஞ்சிவப்புப் பூ. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அது ஜின்செங் இல்லை. தாலினம் என்ற செடி, சிலோன் பசலைக்குப் பங்காளி. அதற்கும் வேர் கொஞ்சம் தடித்து இறங்கும் என்பதால் ஜாவா ஜின்செங் என்று ஒரு வியாபாரப் பெயர் உண்டு. அந்தப் பெயரில் 'ஜாவா' கழன்று 'கொரியன்' வந்து ஒட்டிக்கொண்டது எப்படி என்று விற்றவரைத்தான் கேட்க வேண்டும்.

உண்மையான ஜின்செங்கை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. ஒரே தண்டு. அதன் உச்சியில் குடை விரித்தது போல இலைகள். ஒவ்வொரு இலையும் விரல்கள் போல ஐந்து சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். நடுவிலிருந்து ஒரு காம்பு எழுந்து அதில் கொத்தாகச் சிவப்புப் பழம் நிற்கும். முதல் ஆண்டுச் செடியில் மூன்று சிற்றிலைகள் மட்டும்தான். குளிர்காலம் வந்தால் மேல்பகுதி காய்ந்து விழுந்துவிடும், வேர் மண்ணுக்குள் உறங்கும். நகரத்து நர்சரிகளில் ஜின்செங் என்று சொல்லித் தொட்டியில் விற்கும் தொப்பை வேர் மரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது அத்தி, இச்சி வகையைச் சேர்ந்த அலங்கார மரம்.

வேளாண் அலுவலர்கள் இந்த அடையாளங்களைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த போன் உங்களுக்கு வரலாம்.

இனி அந்த 'ஆறு மாத அறுவடை'க்கு வருவோம். கொரியாவிலும் சீனாவின் வடகிழக்கிலும் குளிர்ந்த காடுகளில் மர நிழலில் வளர்ந்த செடி ஜின்செங். நேரடி வெயிலைத் தாங்காது. அதனால் கொரியாவில் வயல் முழுவதும் தாழ்வான நிழற்பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். விதை பழுத்தவுடன் முளைக்காது. ஈர மணலில் மாதக்கணக்கில் வைத்து ஓடு வெடித்த பிறகு, ஒரு குளிர்காலத்தையும் கடந்தால்தான் முளை வரும். நடுவதற்கு முன்னால் ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு நிலத்தைச் சும்மா போட்டுப் பசுந்தாள் உழுது பக்குவப்படுத்துகிறார்கள். அதன் பிறகு வேர் முதிர நான்கிலிருந்து ஆறு ஆண்டுகள். உரித்துக் காயவைத்தால் வெள்ளை ஜின்செங். தோலோடு ஆவியில் வேகவைத்து உலர்த்தினால் செந்நிறமாகி, அதுவே சிவப்பு ஜின்செங். பெயர்பெற்ற சிவப்பு ஜின்செங்குக்கு ஆறு ஆண்டு வேர்தான் வேண்டும் என்பார்கள். இவ்வளவுக்கும் பிறகு, வேர் எடுத்த நிலத்தில் உடனே மறுபடி ஜின்செங் போட முடியாது. வேரழுகல் வந்து செடி நிற்காது. பத்து ஆண்டுக்கு மேல்கூட விட்டுவைக்க வேண்டியிருக்கும். கொரிய ஜின்செங் விவசாயிகள் நிலம் விட்டு நிலம் மாறிக்கொண்டே இருப்பது இதனால்தான். கும்சான் என்ற ஊரின் ஜின்செங் வேளாண் முறையை 2018-ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு உலகப் பாரம்பரிய வேளாண் முறைகளில் ஒன்றாக அங்கீகரித்தது. அதன் பின்னால் இருக்கும் பொறுமையை நினைத்தால் அந்தக் கௌரவம் சும்மா வரவில்லை என்று தெரியும்.

பனி விழாத ஊரில், ஏப்ரல் வெயிலில், ஆறு மாதத்தில் இந்த வேர் வரும் என்று ஒருவர் சொன்னால் அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கவே தேவையில்லை.

மருந்தாக இதன் மதிப்பு என்ன என்று கேட்பீர்கள். சீனப் பெயருக்கு மனித வேர் என்று பொருள். தாவரவியல் பெயரான பேனக்ஸ் என்பதற்குச் சகல நோய்க்கும் மருந்து என்று பொருள். இரண்டுமே கொஞ்சம் அதிகம்தான். சோர்வுக்கும் உடல் வலுவுக்கும் அங்கே தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறார்கள். வேரில் உள்ள ஜின்செனோசைடு என்ற பொருள்களை வைத்து ஆய்வுகளும் நிறைய நடந்திருக்கின்றன. சோர்வு, சர்க்கரை போன்றவற்றில் சில ஆய்வுகள் ஓரளவு பலன் காட்டின, சில காட்டவில்லை. சர்வரோக நிவாரணி என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையின் வேலையை இது குறைக்கக்கூடும். சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். வெளிநாட்டுப் பிள்ளைகள் வாங்கி அனுப்பும் டப்பாவைப் பெரியவர்களுக்குக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஆனால் இந்த வேருக்கு விலை கொடுக்கிறவர் விளம்பரத்தை நம்பி வாங்குகிறவர் இல்லை. வயது பார்க்கிறார், வடிவம் பார்க்கிறார், உலர்த்திய விதம் பார்க்கிறார். இந்த நம்பிக்கை ஒருமுறை போனால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது.

1716-ல் லஃபித்தோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், மாண்ட்ரியால் அருகே மோஹாக் பழங்குடி மக்களிடையே வேலை செய்துகொண்டிருந்தபோது, அந்தக் காட்டிலேயே ஜின்செங்கின் நெருங்கிய உறவுச் செடியைக் கண்டுபிடித்தார். சீனாவில் இதற்குப் பொன் விலை என்று தெரிந்ததும் கப்பல் கப்பலாக ஏற்றுமதி தொடங்கியது. 1750-ஐ ஒட்டி விலை உச்சிக்குப் போனது. உழவை விட்டுவிட்டுக் கனடா விவசாயிகள் காட்டுக்குள் ஓடினார்கள். இலையுதிர் காலத்தில் முதிர்ந்த பிறகு தோண்ட வேண்டிய வேரை வசந்த காலத்திலேயே தோண்டினார்கள். மெதுவாக உலர்த்த வேண்டியதை அடுப்பில் வைத்து அவசரமாக வாட்டினார்கள். சரக்கு சீனாவுக்குப் போய்ச் சேர்ந்தது. வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். இரண்டொரு ஆண்டில் அந்த வியாபாரமே படுத்தது. ஒரு காரியம் கவிழ்ந்துபோனால் 'ஜின்செங் மாதிரி விழுந்துவிட்டது' என்று சொல்லும் சொலவடை அந்தப் பக்கத்துப் பிரெஞ்சுக்காரர்களிடம் உண்டு.

அதே வேரை அமெரிக்கர்கள் பிறகு பிடித்துக்கொண்டார்கள். 1784-ல் நியூயார்க்கிலிருந்து சீனாவுக்குப் புறப்பட்ட முதல் அமெரிக்க வணிகக் கப்பலில் சுமார் 30 டன் ஜின்செங் இருந்தது. இன்று விஸ்கான்சின் மாநிலத்தில் நிழல் வலை போட்டுப் பயிர் செய்கிறார்கள். காட்டு வேர் என்றால் குறைந்தது ஐந்து வயது ஆனால்தான் ஏற்றுமதி செய்யலாம் என்று சட்டமே இருக்கிறது. 1975 முதல் அந்தச் செடி பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. அவசரத்தில் கெட்ட பெயரைத் திரும்ப எடுக்க இவ்வளவு காவல் போட வேண்டியிருக்கிறது.

கனடாவைப் பற்றி இவ்வளவு எழுதுகிற நான் நம்மூர்க் கதையில் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். நான் விரிவாக்கப் பணியில் இருந்த காலத்தில் சேலம், ஆத்தூர் பக்கம் மருந்துக்கூர்க்கன் என்கிற கோலியஸ் வேகமாகப் பரவியது. ஒரு கம்பெனி ஒப்பந்தச் சாகுபடி என்று வந்தது. கன்று கொடுப்பார்கள், கிழங்கை எடுத்துக்கொள்வார்கள். இருபது விவசாயிகளை நானே அழைத்துப்போய்க் கையெழுத்துப் போடவைத்தேன். முதல் ஆண்டு சொன்ன விலை வந்தது. இரண்டாம் ஆண்டு பரப்பு பல மடங்கானது. கிழங்கு தோண்டிக் களத்தில் கொட்டிய பிறகு லாரி வரவில்லை. பத்து நாள் கழித்து வந்தபோது ஈரம் அதிகம், மருந்துச் சத்து குறைவு என்று சொல்லி விலையைப் பாதியாக்கினார்கள். பச்சைக் கிழங்கை எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? கொடுத்துவிட்டார்கள். ஒப்பந்தத்தை அன்று எடுத்துப் படித்தோம். சத்து இத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று ஒரு வரி அதில் இருந்தது. அதை யார் சோதிப்பது, எங்கே சோதிப்பது என்று எதுவும் இல்லை. கையெழுத்துப் போடும் நாளில் அந்த வரியை நான் படிக்கவில்லை. அந்த இருபது பேரில் ஒருவர் இன்றும் என்னைக் கல்யாண வீட்டில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி, பேசமாட்டார்.

கண்வலிக்கிழங்கு விதை ஓர் ஆண்டு ஏறி மறு ஆண்டு இறங்கும் கூத்தை மூலனூர், ஒட்டன்சத்திரம் விவசாயிகள் எனக்கு மேலாகச் சொல்வார்கள்.

இப்போது ஜின்செங் விளம்பரம் வேறு வேடத்திலும் வருகிறது. அமுக்கராவை 'இந்தியன் ஜின்செங்' என்று சொல்லி விதை விற்கிறார்கள். அமுக்கரா மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நல்ல பயிர், நம் சித்த மருத்துவத்தில் அமுக்கராச் சூரணம் என்று பெயர்பெற்ற மருந்து. கொரியாக்காரர் வேரை ஆவியில் வேகவைப்பது போல, நம் மருத்துவர்களும் அமுக்கராவைப் பாலில் பிட்டவியல் செய்து சுத்தி செய்துதான் சேர்ப்பார்கள். தூக்கம், மனக்கலக்கம் குறித்து நவீன ஆய்வுகளும் ஓரளவு ஆதரவாக இருக்கின்றன. கர்ப்பிணிகளும், கல்லீரல், தைராய்டு தொந்தரவு உள்ளவர்களும் தாங்களாகச் சாப்பிடக் கூடாது என்பதும் அதோடு சேர்ந்த உண்மை. டென்மார்க் 2023-ல் இதற்குத் தடையே போட்டது.

என் கோபம் அந்தப் பெயர் மேல். அமுக்கரா கத்தரி, தக்காளிக் குடும்பத்துச் செடி. ஜின்செங்குக்கும் அதற்கும் உறவே கிடையாது, உள்ளே இருக்கும் சத்துப் பொருளும் வேறு. அமெரிக்காவில் 2002 விவசாயச் சட்டத்திலேயே, பேனக்ஸ் பேரினத்தைச் சேர்ந்த செடியைத் தவிர எதையும் ஜின்செங் என்று லேபிள் ஒட்டி விற்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். அதுவரை சைபீரியன் ஜின்செங் என்று விற்றுக்கொண்டிருந்த சரக்குக்கு எலூதெரோ என்று பெயர் மாற்ற வேண்டி வந்தது. ஆக, ஏற்றுமதிக்கு என்று சொல்லி உங்களிடம் விற்கும் அந்தப் பெயரை ஏற்றுமதிச் சந்தையில் எழுதக்கூட முடியாது. அந்தப் பெயருக்கு வேலை நாற்று விற்கும் இடத்தில் மட்டும்தான்.

அமுக்கராவை அமுக்கராவாகவே பார்த்தால் கணக்கு தெளிவாகும். மத்தியப் பிரதேசத்தில் நீமச், மந்த்சௌர் பக்கம் இதன் பெரிய சாகுபடி. நீமச் மண்டி விலைதான் நாடு முழுவதற்கும் அளவுகோல். நல்ல வடிகால் உள்ள மணல் கலந்த செம்மண், சுமாரான மண், மானாவாரி, இவை போதும். 150 முதல் 180 நாளில் இலை மஞ்சளாகி, பழம் சிவந்து, அறுவடைக்கு வரும். ஜவஹர் 20, போஷிதா போன்ற ரகங்கள் இருக்கின்றன. தூவி விதைத்தால் ஏக்கருக்கு நான்கைந்து கிலோ விதை போதும், நாற்றுக்கு 40 ரூபாய் கொடுக்க வேண்டிய பயிர் இல்லை இது. தண்ணீரும் யூரியாவும் தாராளமாகக் கொடுத்தால் செடி தழைத்து நிற்கும், வேர் நாராகிப்போகும். வாங்குகிறவருக்கு வேண்டியது ஒடித்தால் படக்கென்று ஒடிந்து, உள்ளே மாவு மாதிரி வெள்ளையாக இருக்கும் வேர். ஏழு சென்டிமீட்டர் நீளமும் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனும் இருந்தால் முதல் தரம். சல்லிவேர் கடைசித் தரம்.

மகசூல்? மானாவாரியில் ஹெக்டேருக்கு 300 முதல் 500 கிலோ உலர்ந்த வேர். ஏக்கருக்கு 120 முதல் 200 கிலோ. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு அவர்கள் சொல்லும் விலையால் பெருக்குங்கள். அதிலிருந்து தோண்டும் கூலி, கழுவி நறுக்கும் கூலி, தரம் பிரிக்கும் கூலி மூன்றையும் கழியுங்கள். மீதி என்ன நிற்கிறது என்று பாருங்கள். ஏக்கருக்கு இரண்டு டன் என்று ஒருவர் பேச ஆரம்பித்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இன்னொன்று, நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை இருக்கிறது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், எடுத்த வேரைக் காயவைக்கவும் வெயில் வேண்டும். வடக்கத்தி சாகுபடிக் குறிப்பை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுக்கும் துண்டுப் பிரசுரங்களில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

இலையையும் வாங்கிக்கொள்கிறோம் என்று சிலர் வருவார்கள். வேரை மட்டுமே மருந்தாகச் சொல்லியிருக்க, இலையை அரைத்து வேர்ச் சாற்றில் கலக்கும் வழக்கம் பெருகியதால் ஆயுஷ் அமைச்சகம் 2021-ல் இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. இலை விற்றுக் கிடைக்கும் சில ஆயிரத்துக்காக, உங்கள் வேருக்கு வரும் பெயரை நீங்களே கெடுத்துக்கொள்ளாதீர்கள். கனடாக்காரன் அடுப்பில் வாட்டியதும் இதே ஆசையில்தான்.

"அப்படியானால் புதுசாக எதுவுமே போடக் கூடாதா, கடைசிவரை தக்காளியைச் சாலையில் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா?" என்று அந்த இளைஞர் கேட்டார். நியாயமான கோபம். அவருக்குச் சொன்ன பதில்: மூலிகையில் பெயர் வாங்கிய ஊர் நம்மிடமே இருக்கிறது. தூத்துக்குடி, திருநெல்வேலிக் கரிசலில் மானாவாரியாக விளையும் நிலாவாரை, உலக மருந்துச் சந்தையில் 'டின்னவெல்லி சென்னா' என்றே விலைபோகிறது. ஒரு மாவட்டத்தின் பெயரே சரக்கின் பெயர். அதை எந்த விளம்பரமும் உண்டாக்கவில்லை. இலையைப் பச்சை நிறம் போகாமல் உலர்த்தி, குச்சி மண் இல்லாமல் பிரித்து, தலைமுறைகளாகத் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அனுப்பி அனுப்பி வந்த பெயர். கொரியாக்காரருக்கு ஜின்செங் எப்படியோ அப்படித்தான் நமக்கு இது. ஆனால் நம்மில் எத்தனை பேர் இதைப் பெருமையாகப் பேசுகிறோம்? 'இந்தியன் ஜின்செங்' என்று இரவல் பெயரில் சந்தோஷப்படுகிறோம்.

புதுப் பயிர் போடுங்கள். ஆனால் நாற்று விற்பவரும் வேர் வாங்குபவரும் ஒரே ஆளாக இருந்தால், அவருடைய லாபம் எதில் முடிந்துவிடுகிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். நாற்றிலேயே முடிந்துவிட்டால் உங்கள் வேர் அவருக்கு எதற்கு? பில்லில் செடியின் தாவரவியல் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். 'ஹெர்பல் பிளான்ட்' என்று எழுதினால் வாங்காதீர்கள். சத்து அளவை வைத்து விலை என்றால், எந்த ஆய்வுக்கூடம், யார் செலவு, மாதிரி எடுக்கும்போது யார் உடன் இருப்பார்கள் என்பதெல்லாம் தாளில் வர வேண்டும். 2019-ல் தமிழ்நாடு அரசு ஒப்பந்தப் பண்ணையத்துக்குத் தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. வேளாண் வணிகத் துறை அலுவலரிடம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய அதில் வழி இருக்கிறது. பதிவு என்றதும் பின்வாங்குகிற கம்பெனியை அன்றே விட்டுவிடலாம். முதல் ஆண்டு ஐந்து சென்ட் போட்டு, அந்த வேரைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர்களைத் தவிர வேறு இரண்டு வியாபாரிகளிடம் விலை கேளுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் மருந்துப் பயிர்களுக்கு என்றே துறை இருக்கிறது, அங்கே காட்டுங்கள். அதன் பிறகு அரை ஏக்கர்.

விரிவாக்கப் பணியாளர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். காய்கறி விதை விற்கிறவரிடம் உரிமம் கேட்கிறோம், உரக்கடையில் ரசீதுப் புத்தகம் பார்க்கிறோம். போனில் மட்டும் இருக்கும் மூலிகை நாற்று வியாபாரியை யார் பார்க்கிறார்கள்? வட்டாரத்துக்கு ஒரு பலகையில் இந்த மாதம் சுற்றும் மூலிகை விளம்பரங்களும் அந்தச் செடிகளின் உண்மைப் பெயரும் என்று எழுதி வைத்தாலே பாதிப் பேர் தப்பிப்பார்கள். செலவு ஒரு சாக்பீஸ்.

அந்த இளைஞர் மீதி நாற்றுகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முன்பணம் திரும்பவில்லை. அந்த எண்ணை இப்போது யாரும் எடுப்பதில்லை. கிணற்று மேட்டில் நட்ட இருநூறு செடியும் நன்றாகத் தழைத்திருக்கிறதாம். தாலினம் சாப்பிடக்கூடிய கீரைதான் என்று நான் சொல்லியிருந்தேன். அவருடைய அம்மா பறித்துப் பாசிப்பருப்பு போட்டுக் கடைந்துவிட்டார். "பசலை மாதிரியேதான் சார் இருக்கு" என்றார்.